எங்கே இறங்குவீர் என்று எவரும் கேளாத பேருந்து

வலக்கை உயர்த்தி அஞ்சேல் என்று நிற்கும் அம்பலவாணன் திருவடி போற்றி. தொடங்கிய செயல் நடுவில் கைநழுவிப் போகாமல் காக்கும் ஆனைமுகன் அருள் முன்னிற்க. இருவரையும் வணங்கி, இனி எந்தத் தெருவிலும் காணக் கிடைக்காத உமக்கு இம்மடலை எழுதுகிறேன்.

நண்பரே,

இன்று காலை பூசை முடித்தபின், நேற்று உடுத்திய சட்டையைத் துவைக்கப் போடுமுன் அதன் பையைத் துழாவினேன். பேருந்துச் சீட்டு ஒன்று விரலில் பட்டது. வியர்வையில் ஊறி உலர்ந்து மொடமொடத்திருந்த இளஞ்சிவப்புத் தாள். கட்டணத் தொகை மட்டும் அதில் அச்சாகியிருக்கிறது. எங்கிருந்து ஏறினேன், எங்கே போகிறேன் என்பதற்கு அதில் ஓர் அடையாளமும் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.

நேற்று நடந்ததை உம்மிடம் சொல்கிறேன். கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு வழக்கம்போல் வண்டி ஏறினேன். கண்டக்டர் காசை வாங்கினான், சீட்டைக் கிழித்துக் கொடுத்தான், தலை நிமிராமல் அடுத்தவரிடம் போனான். சன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தவனுக்கு, சற்று நேரத்தில், அது எந்தச் சாலை என்று தெரியவில்லை. கடைகள் இருந்தன. பெயர்ப்பலகைகளைப் படிக்கவும் முடிந்தது. ஆயினும் அவற்றில் ஒன்றையும் நான் முன்பு கண்டதாகத் தோன்றவில்லை. எங்கே இறங்கவேண்டும் என்று உள்ளத்தைக் கேட்டேன். அது வாய் திறக்கவில்லை. புது பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்க நானும் இறங்கி, ஒரு தூணைப் பற்றிக்கொண்டு நின்றேன். பிறகு, போன வேகத்திலேயே எல்லாம் திரும்பி வந்தது. நெல்லித்தோப்பில் உள்ள வீட்டுக்கு நடந்தே வந்து சேர்ந்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

முதுமையில் எவருக்கும் நேர்வது என்று வேறொருவன் தன்னைத் தேற்றிக்கொள்ளலாம். நான் உம்மோடு இருந்தவன். அது எப்படித் தொடங்கும், எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அருகிலிருந்து பார்த்தவன். அதனால்தான் அஞ்சுகிறேன்.

நீர் மில்லில் சங்கத்துக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பத்திரங்கள் பதியும் நொத்தேர் ஒருவரிடம் எழுத்தனாக இருந்து ஓய்ந்தவன். பதிகம் ஓதாமல் பச்சைத் தண்ணீர் அருந்தாதவன் நான். கோயில் வாசலில் நிழலுக்குக்கூட ஒதுங்காதவர் நீர். அடுத்தடுத்த தெருவில் குடியிருந்தும் நம்மைச் சேர்த்து வைத்தது கோரிமேட்டுப் பேருந்துதான். ஆஸ்பத்திரிக்கு வரும் கிராமத்து மக்களுக்கு எந்த வண்டி எங்கே போகும் என்று சொல்வதற்காக நீர் நாள்தோறும் காலையில் அந்த நிறுத்தத்தில் போய் உட்கார்ந்திருப்பீர். அவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனீர். என் நெற்றித் திருநீற்றைப் பார்த்து நீர் சூட்டிய பெயர் "சாமி". "என்னா சாமி, இன்னிக்கு ஒங்க ஆளு என்னா சொன்னாரு?" என்று தெருமுனையிலிருந்தே குரல் கொடுப்பீர். "உம்மைத் திருத்த முடியாதென்று கைவிட்டுவிட்டார்" என்பேன். "நல்ல முடிவு. மேனேஜ்மெண்டுன்னா அப்பிடித்தான் இருக்கணும்" என்று சிரிப்பீர்.

அந்நாளில் நம் ஊர் வண்டிகளில் ஸ்டேஜ் கணக்கு இருந்தது. சில நிறுத்தங்கள் சேர்ந்து ஒரு ஸ்டேஜ். ஒவ்வொரு ஸ்டேஜைத் தாண்டும்போதும் கட்டணம் ஏறும். எந்த நிறுத்தம் எந்த ஸ்டேஜில் அடங்கும் என்பதை எவனும் எங்கும் எழுதி வைத்ததில்லை. நம்மைப் போல் தினமும் ஏறுபவர்களுக்குத் தெரியும். பாகூர்ப் பக்கத்திலிருந்து மாதம் ஒருமுறை வருகிறவளுக்கு எப்படித் தெரியும்?

ஒருத்தி காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாளே, நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரிக்கு முந்தின ஸ்டேஜிலேயே கண்டக்டர் விசிலை ஊதி வண்டியை நிறுத்தினான்.

"ஒன் சீட்டு இதோட முடிஞ்சிதும்மா. எறங்கு."

"ஆஸ்பத்திரின்னுதானே சொன்னேன்?"

"நீ நீட்ன காசுக்குக் கிழிச்சேன். எறங்கும்மா, பின்னாடி வண்டி வருது."

நீர் எழுந்தீர். "யோவ், புள்ளைக்கு ஜொரம்யா. மூஞ்சப் பாத்தா தெரியல?"

"தெரியுது பெருசு. ஸ்டேஜ் நான் போட்டதா? போட்டவன்கிட்ட போய்க் கேளு."

அவன் சொன்னது ஒரு வகையில் நியாயம். நீர் அவனிடம் மேற்கொண்டு பேசவில்லை. இறங்கி, குழந்தையை வாங்கி உம் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தீர். நானும் பின்னால் வந்தேன். அன்று வழியில் சொன்னீர்: "படிக்காதவன் யாரையும் கேக்காம ஏறணும், யாரும் அவனைக் கேக்காம எறங்கணும். அதான் சாமி பஸ்." அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நீர் ஏறாத படியில்லை. போக்குவரத்து அலுவலகம், வண்டி முதலாளிகள், சட்டமன்ற உறுப்பினர்கள் வீடு என்று எங்கும் உம் செருப்பு தேய்ந்தது. என் பேனாவும் உடன் தேய்ந்தது. தடத்தில் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். நாம் வேண்டியது அவ்வளவே.

அந்தப் போராட்டத்தின் நடுவில்தான் முதல் அறிகுறி வந்தது. இருவரும் கோரிமேட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நீர் என் முழங்கையைத் தொட்டு, மெல்லிய குரலில், "சாமி, நாம எங்க போறோம்?" என்றீர். கேலி என்று எண்ணி, "கயிலாயத்துக்கு" என்றேன். நீர் சிரிக்கவில்லை. உம் கண்களைப் பார்த்தேன். சந்தையில் தாயின் கைவிட்டுப் போன பிள்ளையின் கண்கள் அவை. அந்நேரம் கண்டக்டர் வந்து, "பெருசு, எங்க?" என்றான். அடுத்த நொடியே நீர், "நெல்லித்தோப்பு ரெண்டு" என்றீர். சொன்னவுடன் உம் முகம் தெளிந்தது.

இறங்கிய பிறகு டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னீர். சில காலமாகவே அப்படி வருகிறதாம், போகிறதாம். "கேட்டா வாய் தானா சொல்லிடுது சாமி. நான் யோசிச்சா வரமாட்டேங்குது. அவன் எங்கன்னு கேட்டான்னா வந்துடுது." இறைவன் திருப்பெயரை நாவில் பழக்கிவிட்டால் நினைவு தவறும் வேளையிலும் அது தானே எழும் என்று நான் நம்புகிறவன். அதை உம்மிடம் சொன்னபோது, "அப்ப எனக்கு நெல்லித்தோப்புதான் மந்திரம். கண்டக்டர்தான் குரு" என்றீர். சிரித்தீர். டீ கிளாஸில் அப்படியே ஆறிப்போயிற்று.

உமக்கிருந்த அச்சம் நோயைப் பற்றியதில்லை. உம் தமையனாருக்கு இதே மறதி வந்தபோது, அவர் வெளியே போய்விடாதபடி அறைக்கு வெளிப்புறம் தாழ்ப்பாள் வைத்தார்கள் என்றும், கதவைத் தட்டிக்கொண்டே அவர் கடைசி ஆண்டைக் கழித்தார் என்றும் சொன்னீர். "சாவுக்குப் பயமில்ல சாமி. அந்தத் தாப்பாளுக்குத்தான். என் பையன் நல்லவன். நல்லவன்தான் பூட்டுவான்." ஆகவே மகனுக்குத் தெரியக்கூடாது. உம் துணைவியாருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூன்றாவதாக, தெரியாமலே உதவிக்கொண்டிருந்தார்கள் நம் தடத்துக் கண்டக்டர்கள், நாள்தோறும் ஒரு கேள்வி கேட்டு.

கடல் பொங்கி ஊருக்குள் வந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, நம் தடத்தில் ஸ்டேஜ் ஒழிந்தது. கோரிமேட்டு நிறுத்தத்தில் நீர் எல்லோருக்கும் மிட்டாய் வழங்கினீர். ஒரு கிழவி உம் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். நாமிருவரும் மாலை போட்ட முதல் வண்டியில் ஏறினோம். கண்டக்டர் வந்தான். நீர் காசை நீட்டினீர். அவன் வாங்கிக்கொண்டு சீட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்தான். நீர் அவன் முதுகையே பார்த்தீர். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினீர்.

"கேக்கல சாமி."

ஒரே கட்டணம் என்றால் எங்கே போகிறீர் என்று கேட்க என்ன தேவை? அத்தனை மனுக்கள் எழுதியும் அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. நீரும் எண்ணிப் பார்க்கவில்லை. வண்டி முழுக்க மகிழ்ச்சி. நம் இருக்கையில் மட்டும் குளிர் புகுந்தது போலிருந்தது. "பழையபடி கேட்கச் சொல்லி ஒரு மனு எழுதட்டுமா?" என்றேன். "நானே கேட்டு வாங்கினது. நானே பொலம்பினா அந்தப் பொம்பளைங்க என்னா ஆவாங்க? வாய வச்சிக்கிட்டு சும்மா இரு" என்று அதட்டினீர். அதன்பின் கூடிய மட்டும் உம்மோடே ஏறினேன். அருகில் உட்கார்ந்து, கண்டக்டரைப் போலக் குரலைக் கட்டையாக்கி, "பெருசு, எங்க?" என்பேன். "யோவ், ஒன் கொரலுக்கெல்லாம் வராதுய்யா" என்று சொல்லிவிட்டு, சில நாள் சரியாகச் சொல்வீர். சில நாள் மௌனமாக இருப்பீர். அந்த மௌனம் நீள நீள, எந்தப் பதிகத்தைத் தொடங்குவதென்று அறியாமல் நான் விபூதிப் பையை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

அந்த நாளைப் பற்றி நாம் பேசிக்கொண்டதே இல்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

அன்று பிரதோஷம். நந்திக்கு அபிடேகம் நடந்துகொண்டிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உம் துணைவியார் வந்தார். காலில் செருப்போடு கோயிலுக்குள் வந்துவிட்டதை அவர் அறியவில்லை. அவரை எவரும் தடுக்கவுமில்லை. அப்படியிருந்தது முகம்.

"அண்ணே, அவரு ஒங்ககூடவா இருக்காரு?"

"இல்லியேம்மா. காலையிலேர்ந்து பாக்கலியே."

"சோத்துக்கு வரல. ஒங்ககூட எங்கனா மனு குடுக்கப் போயிருப்பாருன்னு இருந்துட்டேன்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "பையனுக்குத் தெரியவேணாம்ண்ணே. பூட்டிடுவான்."

கோரிமேட்டுக்கு ஓடினோம். நிறுத்தத்து டீக்கடைக்காரர், நீர் முற்பகலிலேயே ஊருக்குள் போகும் வண்டியில் ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு வாசலில் போர்வை மூடிய ஓர் உடலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உம் துணைவியார் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் அருகே போய்க் கால்களைப் பார்த்தேன். அவை உம் கால்கள் இல்லை. "இல்லம்மா" என்று அவரிடம் திரும்பி வந்து சொன்னேன். வேறொருவர் வீட்டுத் துயரத்தைக் கண்டு, நம்முடையதில்லை என்று நெஞ்சு தணிந்ததே, அதற்கு இன்றும் இறைவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்த வண்டி பஸ் ஸ்டாண்டைத் தொட்டு அரியாங்குப்பம் வரை போவது. அரியாங்குப்பம் என்றால் ஆற்றுப்பாலம். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அதை நினைத்தோம். பஸ் ஸ்டாண்டில் நின்று, உள்ளே நுழையும் ஒவ்வொரு வண்டியிலும் ஏறிப் பார்த்தோம். விளக்கேற்றும் வேளையில் ஒரு வண்டி வந்தது. பின்வாசலுக்குப் பக்கத்துச் சன்னலோரத்தில் நீர் இருந்தீர்.

நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர். மடியில் கை. கைக்குள் கசங்கிய இளஞ்சிவப்புச் சீட்டுகள், ஒரு பிடி. உதடுகள் வெடித்திருந்தன. கண்டக்டர் பையன் கலங்கிப் போனான். "காலையிலேர்ந்து போறாரு வராரு ஐயா. ஒவ்வொரு நடைக்கும் காசக் குடுத்துட்டாரு. காத்து வாங்க வந்த பெருசுன்னு நெனச்சேன். டிக்கெட் எடுத்த ஆள எறங்குன்னு எப்பிடி சொல்றது?"

அவன் மேல் என்ன பிழை? கட்டணம் செலுத்திய பயணி, எங்கே வேண்டுமானாலும் போகலாம். அதைத்தானே நாம் வாங்கிக் கொடுத்தோம்.

உம் துணைவியார் உம் தோளைத் தொட்டார். நீர் அவரைப் பார்த்தீர், என்னைப் பார்த்தீர். யார் என்று தெரிய நேரமாயிற்று. பிறகு ஒன்றே ஒன்று சொன்னீர்: "யாரும் கேக்கல." குற்றச்சாட்டில்லை அது, ஒரு விளக்கம். எழுந்திருக்க மறுத்தீர். உம் வேட்டி நனைந்திருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. என் மேல்துண்டை எடுத்து உம் இடுப்பில் சுற்றினேன். மில் வாசலில் நீர் நின்றால் முதலாளியின் கார் நின்றுவிடும் என்று ஊர் சொல்லும். அந்த உம்மை இருவராகப் பிடித்துப் படியிறக்கினோம்.

ஆட்டோவில் வீடு போய்ச் சேர்ந்தபோது உம் மகன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. துண்டைப் பார்த்தான், உள்ளே போய்விட்டான். சில நாளில் தாழ்ப்பாள் வந்தது.

அவன் நல்லவன்தான். செல்போன் கடையைச் சாத்திவிட்டு நண்பகலில் வந்து தன் கையால் உமக்குச் சோறு ஊட்டினான். தெளிந்த காலைகளில் நீர் என்னை அடையாளம் கண்டுகொள்வீர். அப்படி ஒரு காலையில், கண்டக்டர்கள் மறுபடி இறங்குமிடம் கேட்க வேண்டுமென்று நான் எழுதி வைத்திருந்த மனுவைப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்து, "கேட்டா, கேட்டதுக்கு ஒரு ரேட்டு போடுவான் சாமி. மறுபடி ஸ்டேஜ் வரும். நான் ஒருத்தன் தொலைஞ்சதுக்காக அவங்கள வெயில்ல எறக்கி வுடாத" என்றீர். மனுவைக் கிழித்துவிட்டேன். அந்தக் கட்டணமே இன்றும் நடக்கிறது. கோரிமேட்டுக்குக் குழந்தையோடு வருகிற எவளும் வழியில் இறக்கி விடப்படுவதில்லை. அதைக் காணும்போதெல்லாம் உம்மை வாழ்த்துகிறேன். வாழ்த்துகிற அதே மூச்சில் நடுங்குகிறேன்.

மழைக்காலத்துக் காய்ச்சல் ஒன்று உம்மைக் கொண்டுபோயிற்று. முன்பே மகனிடம் நீரே சொல்லியிருந்தால் அந்தத் தாழ்ப்பாள் வராமல் இருந்திருக்குமா, அல்லது இன்னும் முன்னதாகவே வந்திருக்குமா? எத்தனையோ முறை எண்ணிவிட்டேன். எனக்குத் தெரியவில்லை. எழுதிய சாத்திரம் எதிலும் இதற்கு விடை காணவில்லை.

நேற்று அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நான் முதலில் நினைத்தது இறைவனை இல்லை. என் வீட்டில் எந்த அறைக்கு வெளிப்புறம் தாழ்ப்பாள் இருக்கிறது என்பதை. அறுபது கடந்த நாளிலிருந்து மரணத்துக்கு அஞ்சாதே என்று பாடிப் பாடிப் பழகிய நெஞ்சு, ஓர் இரும்புத் துண்டுக்கு அஞ்சி ஒடுங்கியது. எவரிடமும் சொல்லாதே என்றது அச்சம். நீர் நடந்த அதே வழியை அது எனக்கும் காட்டியது.

இவ்வளவும் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்தேன். எழுந்து அடுக்களைக்குப் போனேன். இனி வருவது, திரும்பி வந்து எழுதியது.

என் மருமகள் முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அடுப்பில் பருப்பு கொதித்தது. மகன் வேலைக்குப் போயிருந்தான். வாசற்படியிலேயே நின்றேன்.

"என்ன மாமா, காபி வேணுமா?"

"இல்லம்மா. நேத்து பஸ்ஸுல வரும்போது எங்க எறங்கணும்னு மறந்துபோச்சு."

"எனக்குந்தான் மாமா, பேசிக்கிட்டே வந்தா ஸ்டாப்ப வுட்டுடுவேன்."

அங்கேயே விட்டுவிடலாம் என்றிருந்தது. அவள் எனக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தாள். தலையாட்டிவிட்டுத் திரும்பினால் போதும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பிடி இல்லம்மா. ஊரே தெரியல. நம்ம வீடு எங்க இருக்குன்னு தெரியல. பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டிருந்தேன்."

கீரையை ஆய்ந்த கை நின்றது. என்னை ஏறிட்டுப் பார்த்தாள். உம்மை அவள் அறிவாள். உம் கடைசி ஆண்டில் கஞ்சி எடுத்து வந்தவள். அவள் முகத்தில் நிறம் மாறுவதைப் பார்த்தேன்.

"ஏன் மாமா நேத்தே சொல்லல?"

"பயந்துட்டேம்மா. பூட்டி வச்சிடுவீங்களோன்னு."

அவள் உடனே இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் இப்போ பயமாத்தான் இருக்கு மாமா" என்றாள். பிறகு எழுந்தாள். "இருங்க, அடுப்ப அணைச்சிட்டு வரேன். மொதல்லேர்ந்து சொல்லுங்க."

சொன்னேன். நாளை இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அங்கே என்ன சொல்வார்களோ, அதன்பின் இந்த வீடு என்னை எப்படி வைத்துக்கொள்ளுமோ, நான் அறியேன். அச்சம் குறைந்தது என்று உமக்கு எழுதினால் பொய்யாகும். உம்மிடமிருந்து நான் பெற்று இன்னும் சுமந்து வருவது அந்த அச்சத்தைத்தான். ஆயினும் இன்று காலை முதல் அதன் ஒரு பக்கத்தை இன்னொருத்தியும் பிடித்திருக்கிறாள்.

உம் துணைவியாரும் மகனும் பேரப்பிள்ளைகளும் குறைவின்றி வாழ்க. இம்மடல் எவர் கண்ணில் படினும், அவர் இல்லத்து முதியோர்க்குச் சொல்லும் துணிவும், இளையோர்க்கு உட்கார்ந்து கேட்கும் பொழுதும் வாய்க்க. நெற்குதிர் நிறைக, நோய் நீங்குக, அம்பலவாணன் நிழல் அவ்வீட்டின் மேல் என்றும் நிலைக்க.

உம் அன்பன்,
நீர் சாமி என்று அழைத்தவன்